பாலேவாடியும் ஒரு கைப்பிடிக் கட்டையும்

புனே மாநகரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் சனிவார் வாடாவையும் பர்வதி குன்றையும் கல்லூரிகளையும் சொல்லி முடித்துவிடுவர். இந்நகருக்கு மற்றொரு முகமும் உண்டு. அது ஆயுதத் தொழிலின் முகம். புனே நிலையத்தில் லோணாவளா செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினால், சிவாஜிநகரை அடுத்து வருவது கட்கி. நம்மவர்களில் மூத்தவர்கள் இன்னும் கிர்க்கி என்றே சொல்லுவார்கள். 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வாவின் படையும் ஆங்கிலக் கம்பெனியின் படையும் பொருதிய களம் அது. 1869-ல் அங்கே நிறுவப்பட்ட தோட்டாத் தொழிற்சாலை இன்றும் இயங்கி வருகிறது. சற்றுத் தொலைவில் பாஷாணில் இருக்கும் படைக்கல ஆராய்ச்சி நிலையம் 1958-ல் தோன்றியது. அந்நிலையமும் மோ நகரத்துக் காலாட்படைப் பள்ளியும் கூடி உருவாக்கிய 'அஸ்மி' எனும் 9 மில்லிமீட்டர் இயந்திரக் கைத்துப்பாக்கி 2021 ஜனவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இத்தகைய ஊரில் வாழ்கிறோம் என்பதனால், நமக்கென்று ஒரு துப்பாக்கி செய்துகொள்வதும் செய்வித்துக்கொள்வதும் எளிது என்று எண்ணிவிடலாகாது. அவ்வெண்ணம் எவ்வளவு அபாயமானது என்பதையும், அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் ஒரு குடும்பம் எதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதையும் எங்களுடைய பாலேவாடிப் பிரயாணத்தில் ஒருங்கே அறிந்தோம்.

எங்கள் அலுவலகத் தோழர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். அவருடைய பதினைந்து வயது மகள் இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கியை இரவலாக வாங்கி, 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் பயின்று வந்தாள். இரவல் துப்பாக்கி இன்று ஒருவர் கைக்கும் நாளை மற்றொருவர் கைக்கும் போவது. இனி முன்னேற வேண்டுமானால் சொந்தத் துப்பாக்கி அவசியம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் செய்யப்பட்ட போட்டித் துப்பாக்கியின் விலையோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். கையின் அளவுக்கென்றே தனியாகச் செதுக்கிய கைப்பிடியும் வேண்டுமானால் செலவு மேலும் ஏறும். அண்ணாச்சி கூட்டுறவுக் கடன் சங்கத்தில் விண்ணப்பத் தாள் வாங்கி வைத்திருந்தார். கையெழுத்திடுமுன் நேரில் விசாரித்துவிடுவோம் என்று ஒரு விடுமுறை நாளில் நாங்கள் நால்வர் புறப்பட்டோம். நான்காமவர் ஊரிலிருந்து வந்திருந்த அண்ணாச்சியின் மைத்துனர்.

ரயில் சிவாஜிநகரைத் தாண்டும்போதே மைத்துனர் தம் யோசனையைச் சொன்னார். “அத்தான், அமெரிக்காவிலே பாகம் பாகமா விக்கிறானாம். பாதி முடிஞ்ச சட்டத்தை வாங்கி, மீதியை நாமே ராவிப் பூட்டிக்கிடலாமாம். பாதிப் பணம் மிச்சம்!” என்றார்.

அந்நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருப்பது உண்மையே. ஒரு கைத்துப்பாக்கியை முழுவதும் ஒரு கைவினைஞரிடம் ஒப்படைத்துச் செய்விப்போரும், அரைகுறையாக முடிந்த பாகங்களை வாங்கித் தாமே முடித்துக்கொள்வோரும் அங்கே உண்டு. ஆயினும் அங்கேயே 2022-ல் அரசு இத்தகைய பாகத் தொகுதிகளையும் துப்பாக்கியாகவே கருதி, வரிசை எண்ணும் வாங்குவோரைப் பற்றிய விசாரணையும் வேண்டும் என்று விதித்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அவ்விதியை நிலைநிறுத்தியது.

நம் நாட்டிலோ விஷயமே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இன்றிச் சுடுகலம் செய்வதையும் பழுது பார்ப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உரிமமின்றிச் சுடுகலம் செய்த குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுச் சிறை. அது ஆயுள் வரை நீளலாம். இதனை அண்ணாச்சி நிதானமாக எடுத்துச் சொன்னதும் மைத்துனர் மௌனமானார். புலம்பெயர்ந்து வந்து உத்தியோகம் ஒன்றையே நம்பி வாழும் குடும்பங்கள் நாம். காணொளியில் கண்டதை நம்பி இளைஞர்கள் யாரும் இதில் கை வைக்காதபடி வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்கியில் இறங்கி, ஔந்த் வழியாகப் பேருந்தில் பாலேவாடி சென்றோம். சிவ சத்ரபதி விளையாட்டு நகரம் 1994-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுக்காக எழுப்பப்பட்டது. 2008-ல் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுகளும் இங்கே நடந்தன. அதன் துப்பாக்கி சுடும் கூடத்தில் பயின்றவர்களுள் ஒருவரை ரயில்வே குடும்பத்தினர் அனைவரும் அறிவர். 2015-ல் மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகச் சேர்ந்த கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே, 2024 ஆகஸ்டு 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் துப்பாக்கிப் பிரிவில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். சென்னையில் பிறந்தவரும் 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்றவருமான ககன் நாரங் தம் பயிற்சிக்கழகத்தை முதன்முதலில் தொடங்கியதும் இந்தப் புனேயில்தான். கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அக்கழகத்தின் பயிற்சியில் உயர்ந்தவர். வெளியூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வாட்டம் அந்நியமானதன்று என்பதற்கு அவரே சான்று.

கூடத்தினுள் நுழைந்ததும் எங்களை வியப்பில் ஆழ்த்தியது அதன் அமைதி. பத்து மீட்டர் தூரத்தில் இலக்கு. அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். ஒரே கையால் பிடித்து, 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். துப்பாக்கியின் எடை 1,500 கிராமுக்கு மேற்படக் கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும். முழுத் துப்பாக்கியும் 420 மில்லிமீட்டர் நீளமும் 200 உயரமும் 50 அகலமும் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். கைப்பிடி மணிக்கட்டுக்குத் தாங்கலாக அமையலாகாது. உள்நாட்டு விதிப்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்குவோர் தம் அடையாளத்தையும் முகவரியையும் கொடுக்க வேண்டும். 25 மீட்டர் பிரிவுக்குரிய .22 கைத்துப்பாக்கிக்கோ உரிமம் கட்டாயம்.

குழலும் விசையும் தொழிற்சாலையின் பொறுப்பு. ஆகவே நம் விருப்பப்படி செய்துகொள்ளக்கூடியது கைப்பிடி ஒன்றே. இதற்கு மூன்று வழிகள் இருப்பதைப் பயிற்சியாளர் விளக்கினார். முதலாவது, கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பி, வெளிநாட்டுக் கைவினைஞரிடம் முழுக் கைப்பிடியையும் செய்விப்பது. ஜெர்மனியில் இதையே தொழிலாகக் கொண்டோர் உளர். இரண்டாவது, துப்பாக்கியுடன் வரும் அக்ரூட் மரக் கைப்பிடியைச் சரியான அளவில் தேர்ந்து, தேவையான இடத்தில் பூசியும் ராவியும் தானே முடித்துக்கொள்வது. மூன்றாவது, உள்ளூர்த் தச்சரிடம் ஒரு கட்டையைக் கொடுத்து முதலிலிருந்து செதுக்கச் சொல்வது. பவானிப் பேட்டை மரச்சந்தையைச் சுற்றித் தச்சர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 50 மில்லிமீட்டர் அகல விதியை அறியாத தச்சர் பருமனாகச் செதுக்கிவிட்டால், போட்டிக்கு முந்திய பரிசோதனையிலேயே துப்பாக்கி தள்ளப்படும்.

பெண்ணை அழைத்து, குண்டு இடாத துப்பாக்கியைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். இலக்கைப் பார்த்துக் கையை உயர்த்தி, கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கி, பின் கண்ணைத் திறக்க வேண்டும். முன்குறி பின்குறியின் பிளவுக்கு நேர் நடுவில் நின்றால் கைப்பிடி கைக்கு இசைந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் இசையவில்லை. நடுத்தர அளவுக் கைப்பிடியில் ஒவ்வொரு முறையும் முன்குறி ஒதுங்கியே நின்றது. சிறிய அளவைப் பொருத்தியதும் பெரும்பாலும் நடுவே வந்தது; விசைவிரலும் கட்டையைத் தொடாமல் நேராக நீண்டது. “அப்பா, இதுல கை தானா போய் உக்காருது” என்றாள் அவள். மகளின் கை அளவு என்னவென்று அண்ணாச்சி அறிந்தது அப்போதுதான். அதை அறியாமல் ஆர்டர் அனுப்பியிருந்தால் கடன் பணத்தில் ஒரு பகுதி வீணாகியிருக்கும்.

எஞ்சிய சிறு இடைவெளிக்கு இரண்டாம் வழியே போதுமென்று தீர்மானமாயிற்று. கையில் சுண்ணாம்புப் பொடியைத் தடவிப் பிடித்தால் கட்டையில் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது தெரியும். படாத இடத்தில் எபாக்சிப் பசையை மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் இறுகவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பூசிய பசையைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆதலால் முதலில் பூசுவது, ராவுவது அதன் பின்னரே. பசை தோலில் படாதபடி கையுறை அணிதல் நலம். தச்சரின் உதவி வேண்டுமானால் திருகைக் கழற்றிக் கைப்பிடியை மட்டும் கொண்டுசெல்ல வேண்டுமே அன்றி, துப்பாக்கியைக் கடைவீதிக்கு எடுத்துச் செல்லலாகாது. மேலும் வளரும் பிள்ளையின் கை ஈராண்டில் மாறும். கை முழு வளர்ச்சி அடைந்த பின், எங்கே அழுத்துகிறது எங்கே நழுவுகிறது என்று அவளே சொல்லத் தெரிந்த பின், கைவினைஞரைத் தேடினால் போதும். அப்போது அவரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்திருக்கும்.

வாங்குமிடத்தில் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. காற்று அடைக்கும் உருளைக்குப் பொதுவாகப் பத்தாண்டுப் பயன்காலம் உண்டு. பழைய துப்பாக்கியை வாங்குவோர் அதில் பொறித்த தேதியை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, பழுதானால் உதிரிப் பாகமும் சீர்செய்வோரும் கிட்டுவார்களா என்று கேட்க வேண்டும். 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, அருமையான நிமிடங்கள் கழிந்தன. இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்து அவர் பன்னிரண்டாம் இடம் பெற்றார். அவரே 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி விண்ணப்பத்தைக் கிழித்துவிடவில்லை. தனிக் கைப்பிடிக்கென எண்ணியிருந்த தொகையை மட்டும் நீக்கி, துப்பாக்கிக்கும் ஓராண்டு ஈயக் குண்டுக்கும் போட்டிக் கட்டணத்துக்கும் போதுமான கடனைக் கேட்டிருக்கிறார். பதக்கம் பெற்று உத்தியோகம் பெறுவோர் சிலரே. அதை நம்பிக் குடும்பத்தை அடகு வைக்க வேண்டாம் என்பதே அவருடைய கருத்தும் எங்கள் கருத்தும். ஆயினும் அவள் விரும்பிய வித்தைக்கு, அவள் கைக்கு இசைந்த கருவியை முறைப்படி வாங்கிக் கொடுப்பது பெற்றோர் கடமையன்றோ? வரும் ஆயுத பூஜையன்று மஞ்சள் குங்குமம் இடும் பொருள்களுள் அந்தச் சிறிய அக்ரூட் கட்டையும் ஒன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டில் நாட்டமுள்ள சங்க அன்பர்கள், பணம் கட்டுமுன் ஒருநாள் அவர்களைப் பாலேவாடிக்கு அழைத்துச் சென்று, வெவ்வேறு அளவுக் கைப்பிடிகளைக் கையில் பிடித்துப் பார்க்கச் செய்வார்களாக.