கணக்கு சரி, மூட்டை எங்கே?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸ் 7, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. கள்ளக்குறிச்சிப் பக்கமும் கல்வராயன் மலையிலும் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அதுதான்.

பழைய மடிக்கணினியில் சீக்கிரம் போவது பேட்டரி. அதன் பிறகு கரண்ட் போனால் பெட்டி பட்டென்று அணையும். அந்த நொடியில் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் நிற்கும். மறுநாள் சாதிச் சான்றிதழ் ஸ்கேனும் புராஜெக்ட்டும் திறக்காது! வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து கடையில் கொடுத்தால், "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்லிவிடலாம். அதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி-எச்-கே-டி-எஸ்-கே என்று ஆறு எழுத்து அடித்தால் 'செக்டிஸ்க்' ஓடும். அது என்னதான் செய்கிறது?

வணிகவியல் மாணவர்களுக்கு இது சுலபம். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையின் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டை எந்த வரிசையில் என்று சரக்குப் பேரேடு சொல்லும். ஹார்ட் டிஸ்க்கிலும் அப்படி ஒரு பேரேடு உண்டு, அதுதான் ஃபைல் சிஸ்டம். வெறும் கட்டளை பேரேட்டைப் படித்துப் பார்த்துத் தவறை மட்டும் சொல்லும், எதையும் மாற்றாது. பின்னால் சாய்கோடு போட்டு 'எஃப்' சேர்த்தால் பேரேட்டைத் திருத்தும். சி டிரைவ் என்றால் அடுத்த முறை கணினி தொடங்கும்போது செய்யட்டுமா என்று கேட்கும். 'எஃப்'புக்குப் பதில் 'ஆர்' என்றால் கிடங்குக்குள்ளேயே போய் ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிப் பார்க்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

லினக்ஸில் இதே வேலைக்கு 'எஃப்-எஸ்-சி-கே'. 'மைனஸ் என்' சேர்த்தால் பார்ப்பதோடு சரி. திருத்தம் செய்யும்போது அந்தப் பகுதி பயன்பாட்டில் இருக்கவே கூடாது. பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கிச் செய்வது நல்லது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் கட்டளைகளின் முதல் வேலை பேரேட்டைச் சரிக்கட்டுவது. தொலைந்த மூட்டையைத் தேடிக் கொடுப்பது அல்ல. சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை விண்டோஸ் 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரிலும், லினக்ஸ் 'லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்ட்' என்பதிலும் பெயரில்லாமல் போட்டுவிடும். கடைசியில் பேரேடு பொருந்தும், சான்றிதழ் இருக்காது. டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், 'ஆர்' கொடுக்கும் பல மணி நேர வேலை அதை முழுசாக முடித்தும் விடலாம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் திறக்கிற கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும். அடுத்து எதையும் மாற்றாத சோதனை. திருத்தம் கடைசியில்தான். லினக்ஸில் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை காட்டும் மாற்றி ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், திருத்துவதை விட்டுவிட்டு வேறு டிஸ்க் பார்ப்பதே புத்திசாலித்தனம்.