குருவி வீட்டைக் காலி செய்தேன்

தபால் இலாகாவில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் 11 டிரான்ஸ்ஃபர். அதாவது 11 வீடு, 11 தடவை பால் காய்ச்சல், 11 தடவை அம்மிக்கல்லை லாரியில் ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ரிட்டயர் ஆன அன்று, "இனிமே ஜென்மத்துக்கும் வீடு மாறறதில்லை" என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

2022 நவம்பரில் சத்தியத்தை மீறினேன்.

"என்னங்க, மறுபடியும் எங்க மாறப் போறீங்க?" என்று பதறிப் போனாள்.

"ட்விட்டர்லேர்ந்து மாஸ்டடானுக்கு."

"அதுக்கு அம்மிக்கல் தூக்க வேணாமே?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, தேங்காய் துருவப் போய்விட்டாள்.

அவளுக்கு அது சின்ன சமாசாரம். எனக்கு அப்படி இல்லை. ஏன் என்று சொல்ல 2015க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி சென்னையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் திருச்சியில். என் அண்ணனும் அண்ணியும் முடிச்சூரில், மாடிப் போர்ஷனில். அண்ணனுக்கு 71 வயசு, சர்க்கரை, இன்சுலின், இத்யாதி. போன் போகவில்லை. ராத்திரி பூராவும் டி.வி. முன்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, ட்விட்டர்ல போடுங்க. எல்லாரும் அங்கதான் உதவி கேக்கறாங்க."

"அது சினிமா ரசிகர்கள் சண்டை போடற இடமில்லையா?"

"அப்பா! போடுங்க!"

போட்டேன். அப்போது 140 எழுத்துதான் கணக்கு. தந்தி அடித்த அனுபவம் கை கொடுத்தது. தெரு, கதவு எண், மாடி, வயசு, இன்சுலின் - அவ்வளவும் அடக்கம். பத்து நிமிஷத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆசாமியிடமிருந்து பதில்: "சார், கிட்டக்க அடையாளம் ஏதாவது சொல்லுங்க. படகு இருக்கிறவங்களைப் பிடிச்சுட்டேன்."

மறுநாள் மத்தியானம் மீனவர்கள் படகில் வந்து அண்ணனையும் அண்ணியையும் இறக்கினார்கள்.

அந்த ஆசாமி மடிப்பாக்கத்துக்காரர். பாங்க்கில் வேலை. பிறகு என் ஆப்த நண்பரானார். ஆறு வருஷத்தில் நேரில் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் ட்விட்டரில் தினமும் காலை ஐந்தரைக்கு ஆஜர். காபி, மழை, மருமகள், இளையராஜா - பேசாத விஷயம் கிடையாது. எங்களைச் சுற்றி ஒரு பதினைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அதுதான் எங்கள் திண்ணை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார். அவருடைய கடைசிப் பதிவு: "காபிப் பொடி தீர்ந்துவிட்டது. உலகம் முடிவதற்குள் யாராவது வாங்கி வரவும்." அதற்குக் கீழே நான், "இதோ வாங்கி வருகிறேன்" என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

எங்கள் இலாகாவில், பெறுபவர் காலமாகிவிட்டால் தபால்காரர் உறையின் மேல் அதை எழுதி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. என் பதில் இன்னமும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, வீடு மாறிய விஷயத்துக்கு வருவோம்.

2022 அக்டோபர் 27ஆம் தேதி, 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கி முடித்தார். வந்த சில நாட்களிலேயே ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு. எங்கள் திண்ணையில் சலசலப்பு. ஒவ்வொருவராக, "நான் மாஸ்டடானுக்குப் போறேன். விலாசம் இது" என்று எழுதிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். திண்ணையில் ஆள் இல்லாமல் தூணுடன் பேச முடியுமா? நானும் கிளம்பினேன்.

இந்தியாவுக்கு இது புதுசும் இல்லை. 2019 நவம்பரிலேயே ஓர் அலை வந்தது. உச்ச நீதிமன்ற வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை ஆட்சேபித்து ஏகப்பட்ட பேர் மாஸ்டடானுக்குப் போனார்கள். ஹிட்லர் காலத்தில், கூட்டமே கை நீட்டி சல்யூட் அடிக்கும்போது ஒருவர் மட்டும் கை கட்டி நிற்கும் பிரசித்தி பெற்ற படத்தை அவர் வைத்திருந்ததுதான் ஆரம்பம். என் மகள்கூடப் போனாள். "அங்க யாருமே இல்லைப்பா" என்று பத்து நாளில் திரும்பி வந்துவிட்டாள்.

அந்த அனுபவசாலியைத்தான் இப்போது துணைக்குக் கூப்பிட்டேன்.

"முதல்ல ஒரு சர்வரைத் தேர்ந்தெடுங்கப்பா" என்றாள் ஸ்பீக்கர் போனில்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "அப்படியே ரெண்டு ஸ்ட்ராங் காபி சொல்லுங்க!" என்றாள்.

சர்வர் என்றால் இங்கே ஆயிரக்கணக்கில் சர்வர்கள். ஒன்றை ஒரு காலேஜ் வாத்தியார் நடத்துவார், ஒன்றை ஓவியர்கள் சங்கம், ஒன்றைப் பொழுது போகாத பையன். முதலாளி ஒருத்தர் கிடையாது. இந்த மென்பொருளை 2016ல் வெளியிட்டவர் அய்கன் ராஷ்கோ என்ற ஜெர்மனி இளைஞர். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் நடத்தலாம் என்று இலவசமாகவே கொடுத்துவிட்டார். மாஸ்டடான் என்பது அழிந்துபோன யானை வகை. அதனால் ஆரம்பத்தில் பதிவுக்குப் 'பிளிறல்' என்று அர்த்தம் வருகிற மாதிரி பெயர் வைத்திருந்தார்கள். குருவி கீச்சிட்டதை விட்டுவிட்டு, இந்த வயசில் பிளிற வேண்டியிருந்தது!

"ஆளுக்கு ஒரு சர்வர்ல இருந்தா எப்படிப் பேசிக்கிறது?" என்று கேட்டேன்.

மகள் ஏதேதோ விளக்கினாள். எனக்குப் புரிந்தது வேறு வழியில். மணச்சநல்லூர் போஸ்ட் ஆபீஸ் வேறு, மைலாப்பூர் போஸ்ட் ஆபீஸ் வேறு. ஆனால் இங்கே போட்ட கார்டு அங்கே போய்ச் சேருகிறது அல்லவா? தேசம் விட்டு தேசம் போக, 1874ல் பெர்ன் நகரத்தில் பல நாடுகள் கூடி தபாலுக்குப் பொது விதி போட்டன. அதே மாதிரி சர்வருக்கு சர்வர் பேசிக்கொள்ள 'ஆக்டிவிட்டி பப்' என்று ஒரு பொது விதி. 2018 ஜனவரியில் அதை இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு அங்கீகரித்தது.

"இதை முதல்லேயே சொல்றதுக்கென்ன? இது நம்ம டிபார்ட்மெண்ட்!" என்றேன்.

ஒரு கோயமுத்தூர்ப் பையன் நடத்திய சின்ன சர்வரில் சேர்ந்தேன். விளம்பரம் இல்லை. 500 எழுத்து வரை எழுதலாம். யார் எழுதியதும் எழுதிய வரிசையிலேயே வரும். நடுவில் புகுந்து, 'உனக்கு இதுதான் பிடிக்கும்' என்று எவனும் திணிப்பதில்லை. எங்கள் பதினைந்தில் எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

அந்த இரண்டு மாதத்தில், மாஸ்டடானை மாதம் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கிறவர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக ஏறினார்கள். டிசம்பர் 18ஆம் தேதி ட்விட்டர் ஓர் உத்தரவு போட்டது: மாஸ்டடான் போன்ற மற்ற இடங்களின் விலாசத்தை யாரும் இங்கே விளம்பரம் செய்யக்கூடாது! காலி செய்கிற குடித்தனக்காரன் புது விலாசத்தைச் சுவரில் எழுதி வைக்கக்கூடாது என்கிற மாதிரி. கூச்சல் கிளம்பியதும் வந்த வேகத்திலேயே வாபஸ்.

ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேல் தங்கவில்லை என்பதும் வாஸ்தவம். கடைத்தெருவில் பழகியவனுக்கு அக்ரஹாரம் அலுத்துப் போகும்.

எனக்கு வேறு கவலை. புது வீட்டுக்கு எட்டுப் பேர் வரலாம். மடிப்பாக்கம் நண்பர் எப்படி வருவார்? 2023 மே மாதம், பல வருஷமாக அசைவில்லாத கணக்குகளைத் துடைக்கப் போவதாக மஸ்க் அறிவித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மகளை வரவழைத்து, நண்பரும் நானும் பேசியதில் கிடைத்த வரைக்கும் பிரிண்ட் எடுத்தேன். 64 பக்கம். ஜெராக்ஸ் கடைப் பையன் ஒன்றிரண்டு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், காபியைப் பத்தியே இருக்கு?" என்றான்.

நல்லவேளை, அவர் கணக்கு இன்னும் போகவில்லை. அந்த ஜூலையில் குருவியே போய்விட்டது. பெயர் எக்ஸ் என்றாயிற்று.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். மறுபடி முடிச்சூரில் தண்ணீர், மறுபடி அண்ணன் போன் போகவில்லை. புது வீட்டில் எழுதினேன். எட்டுப் பேரும் துடித்துப் போனார்கள். ஃபின்லாந்திலிருந்து ஒரு பெண்மணி, "உங்கள் அண்ணன் பத்திரமாக இருக்க வேண்டும்" என்று எழுதினார். அன்பு நிஜம். ஆனால் ஃபின்லாந்திலிருந்து படகு வருமா?

வெட்கத்தை விட்டுப் பழைய வீட்டுக்குப் போனேன். அங்கேதான் கார்ப்பரேஷன், போலீஸ், மழைக் கணக்கு எழுதுகிற பையன்கள் எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் தெருவில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. திரும்பும் வழியில் நண்பர் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். காபிப் பொடி இன்னும் தீர்ந்துதான் இருந்தது.

அடுத்த வருஷம் கோயமுத்தூர்ப் பையன் ஒரு நோட்டீஸ் போட்டான். "எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. சர்வர் செலவையும் பார்த்துக்கிட்டு, ராத்திரி முழிச்சு காவலும் காக்க முடியலை. மூணு மாசம் டைம். எல்லாரும் வேற இடம் பார்த்துக்குங்க, மன்னிச்சுக்குங்க சார்!"

12வது வீடும் போயிற்று! சின்ன சர்வர்களுக்கு இது சகஜம். ஒரு சர்வரின் விலாசம் ஆப்கானிஸ்தானுக்கு உரிய எழுத்துகளில் முடிந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான்கள் அந்த விலாசத்தையே பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம் பார்த்தேன். மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், எங்கள் இலாகாவில் ரீடைரக்‌ஷன் எழுதிக் கொடுக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. நம்மைத் தொடர்கிறவர்கள் தானாகவே புது விலாசத்துக்கு வந்துவிடுவார்கள். எழுதியது மட்டும் வராது. அம்மிக்கல்லை விட்டுவிட்டு அண்டை வீட்டாரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரி! 11 ஊரில் எனக்குக் கிடைக்காத சௌகரியம்.

எட்டுப் பேரும் கூடிப் பேசி, இன்னொரு சின்ன சர்வரில் குடியேறினோம். மாதம் ஆளுக்கு 250 ரூபாய். பையனுடைய கதை மறுபடி நடக்கக்கூடாது என்று காவலையும் பங்கு போட்டோம். விடிகாலை நாலிலிருந்து ஆறு வரை என் டியூட்டி. "வாட்ச்மேன் வேலையா? பென்ஷன் பத்தலையா?" என்றாள் மனைவி.

மூன்றாவது வாரமே சோதனை வந்தது. எங்கள் சர்வர் ஆசாமி ஒருவர், வேறு சர்வரிலிருந்த ஒரு பெண்மணியை வாய்க்கு வந்தபடி எழுதிக்கொண்டிருந்தார். அந்தம்மா புகார் அனுப்பியிருந்தார். "தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாக எழுதினேன்.

"நீ யார்யா கேக்கறதுக்கு?" என்று பதில் வந்தது.

நியாயமான கேள்வி. நான் யார்? 36 வருஷத்தில் யார் கடிதத்தையும் பிரித்ததில்லை, ஒரு கார்டைக்கூட நிறுத்தியதில்லை. அதுதான் என் சர்வீஸில் எனக்கு இருந்த ஒரே பெருமை. ட்விட்டரில் யார் யார் கணக்கையோ முடக்கினார்கள் என்று நானும்தானே கூச்சல் போட்டேன்? விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். விட்டால் எங்கள் சர்வரையே மற்ற சர்வர்கள் ஒதுக்கிவிடும். எட்டுப் பேரின் தபாலும் நின்று போகும். அதைவிட, அந்தம்மா காலையில் எழுந்து அதைப் படிக்க வேண்டும்.

அழுத்தினேன். காரணத்தை எல்லோரும் படிக்கிற இடத்தில் என் பெயர் போட்டு எழுதி வைத்தேன். தப்பு என்றால் என்னைக் கேட்கலாம். இரண்டு பேர் கேட்கவும் செய்தார்கள். ஒரு வாரம் விவாதம். முன்னே முதலாளியைத் திட்டிவிட்டுத் தூங்கப் போவேன். இப்போது திட்டு எனக்கே வருகிறது. முதலாளி இல்லாத தெரு என்றால், வாசலை நாமே பெருக்க வேண்டும் என்று அர்த்தம்.

மகள் இப்போது புளூஸ்கையில் இருக்கிறாள். 2024 நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு அங்கே 2 கோடியைத் தாண்டிவிட்டார்களாம். "நீங்களும் வாங்கப்பா, அங்க கூட்டம் இருக்கு" என்கிறாள். அம்மிக்கல் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பழைய கணக்கை நான் மூடவில்லை. மழைக் காலத்தில் போவேன். மே மாதம் ஒரு தடவை போவேன்.

இந்த வருஷம் மே மாதம் போயிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, காபிப் பொடி தீர்ந்து போச்சு. கால் கிலோ வாங்கிட்டு வாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அரை கிலோவாக வாங்கி வந்தேன்.