ஏலகிரிப் பலா

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்குக் கண்ணுக்கு முன்பே மூக்கு ஊரைக் காட்டிக் கொடுத்துவிடும். தோல் பதனிடும் சாலைகளின் வாசனை அது. வாசனை என்றது மரியாதைக்காக. சென்ற ஆனி மாதத்தில் அங்கே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்த நாம், ஒரு நாள் காலை வாணியம்பாடி சென்று, பொன்னேரி வழியாக ஏலகிரி மலை ஏறினோம்.

மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்து சுமார் 1,100 மீட்டர் உயரம் போனதும் காற்றே வேறு. வீட்டுக்கு வீடு பலா! அடிமரத்திலேயே குடம் குடமாகக் காய்த்துத் தொங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளே பலாவின் தாயகம். ஏலகிரியில் மழைக்காடு இல்லை. ஆயினும் விருந்தாளியாக வந்த விருக்ஷம் வீட்டுக்காரனாகிவிட்டது. நாம் ஒரு பழம் என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டுக் குடும்பம். கருவுற்ற பூ ஒவ்வொன்றும் ஒரு சுளை. கருவுறாதவை சுளைகளுக்கு இடையே நாராகக் கிடக்கின்றன.

மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு கிழவி நமக்குப் பழம் அறுத்துக் கொடுத்தாள்.

"கையிலே எண்ணெய் தடவிக்குங்க சாமி, பால் ஒட்டினா விடாது" என்றாள்.

சுளைகள் தேன்தான். "இதைக் கீழே வைத்தால் வளராதா, பாட்டி?" என்று கேட்டோம்.

"எம் மருமவன் வச்சான் சாமி. கிணத்துத் தண்ணி உப்பு. இலையெல்லாம் கருகிப் போச்சு."

அந்த உப்பின் கதை நாடறிந்தது. தோல் ஷாப்புகளின் கழிவு நீரால் இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை, 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டிற்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் விதித்தார்கள். முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டார்கள். குரோமிய உப்பு பிற்பாடு வந்தது. பழைய முறையில் குற்றமே இல்லை என்பதல்ல. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பு அன்றும் ஆற்றுக்குத்தான் போயிற்று. தோலை நம்பி உண்ணும் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகையால் தொழிலே கூடாது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆறு யாருடைய சொத்து?

கிழவி பத்துக் கொட்டைகளைக் கழுவித் துணியில் முடிந்து தந்தாள். பலாக் கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்காது. அன்று மாலையே ஆம்பூர் திரும்பி, நண்பர் வீட்டுக் கொல்லையில் இரண்டை ஊன்றினோம். நண்பர் கிணற்றுப் பக்கமே போகவில்லை. கூரையிலிருந்து வழியும் மழைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பழைய அண்டாவைத் தேடிக்கொண்டிருந்தார்.