மோட்டார் வண்டியும் இரு பட்டறைகளும்

குறிஞ்சிப்பாடியில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் யாவரும் ஆண்டிற்கு இருமுறையேனும் ஒரு வினாவை எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். வண்டியைக் கடலூருக்கு ஓட்டிச்சென்று, கம்பெனியின் ஏஜெண்டுகள் நடத்தும் பெரிய பட்டறையில் விடுவதா, அன்றி நம் ஊர்ச் சாலையோரத்தில் வேப்பமர நிழலிலே தகரக் கொட்டகை போட்டிருக்கும் மேஸ்திரியிடம் விடுவதா என்பதே அது. கைலி நெய்யும் இவ்வூரில், தறியின் ஓசையைக் கேட்டே பழுதுள்ள இடத்தைச் சொல்லவல்ல முதியோர் பலர் உளர். அவர்கட்கு இவ்வினா வேடிக்கையாகத் தோன்றலாம். தறி கெட்டால் தறி அறிந்தவனை அழைப்பதன்றி, தறி விற்றவனைத் தேடிப் போவார் யாவர்? ஆனால் மோட்டார் வண்டியின் செய்தி அத்துணை எளிதன்று.

எம் இல்லத்து வண்டி பத்தாண்டு பழமையுடையது. எம் தாயாரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மாதந்தோறும் அழைத்துச் செல்வதற்கு அதனையே நம்பியிருக்கிறோம். விடியுமுன் இருளில் புறப்பட்டு, லாரிகளுக்கு இடையே செல்லவேண்டிய பயணம் அது. ஆதலின் பிரேக்கின் திறத்தில் யாம் அசட்டையாய் இருத்தல் இயலாது. மருந்துச் செலவு ஒருபுறம் இருக்க, வண்டிக்கென்று அள்ளிக் கொடுக்கவும் இயலாது.

சென்ற ஆண்டு பிரேக்கை அழுத்துங்கால் கீச்சென்று ஓர் ஓசை கேட்கலாயிற்று. கம்பெனிப் பட்டறைக்குச் சென்றோம். குளிர்பதன அறையில் எம்மை அமர்த்திக் காப்பி கொடுத்தனர். வண்டியைத் தொட்டு வேலை செய்பவர் வேறு, எம்முடன் பேசுபவர் வேறு. பேசுபவர் கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர். கையில் ஒரு பலகைக் கணினி. சக்கரத்தைக் கழற்றுமுன்னரே முன்சக்கரத் தட்டுகள் இரண்டு, பட்டைகள், பின்சக்கரத்து ஷூக்கள், பிரேக்கு எண்ணெய், இன்னும் ஏதேதோ தூய்மைப் பணிகள் எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீடு ஒன்றைக் காட்டினார். உள்ளே சென்று பார்க்கலாமா என்று வினவினோம். கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம் என்றார். யாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஊர் மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எம்மை அருகே அழைத்தார். "இந்தப் பட்டை முடிஞ்சுபோச்சுங்க. தட்டு நல்லா இருக்கு, நீங்களே பாருங்க" என்று கூறி, தட்டின் விளிம்பைத் துணியால் துடைத்தார். அவ்விரும்பிலேயே, இன்ன அளவிற்கு மெலிந்தால் மாற்றுக என்று மில்லிமீட்டர்க் கணக்குப் பொறித்திருந்தது. அளவுகோலை வைத்து அளந்தார். தட்டு அவ்வெல்லைக்கு இன்னும் கணிசமாக மேலேயே இருந்தது. பட்டைகளும் எண்ணெயும் மாற்றிக் கூலியுடன் 4,200 ரூபாய் பெற்றுக்கொண்டு, தேய்ந்த பட்டைகளைக் காகிதத்தில் சுற்றி எம் கையிற் கொடுத்தார். பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறிய எண்ணெய் நெடுநேரம் பிரேக்கு அழுத்துகையில் கொதித்து ஆவியாகும். அப்போது மிதிகட்டை கால்வழியே பஞ்சுபோல் அமுங்கிவிடும். கடலோர நாட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றல் நன்று என்று அவர் சொன்னதைக் கம்பெனியின் கைப்புத்தகத்திலும் பின்னர்க் கண்டோம்.

இதனால் ஊர்ப் பட்டறையே மேல் என்று முடிவு கட்டிவிடற்கில்லை. நான்கு திங்கள் கழித்து, எஞ்சின் வடிவுடைய மஞ்சள் விளக்கு ஒன்று வண்டியின் முகப்பில் எரியத் தொடங்கிற்று. அதே மேஸ்திரி அரைமணி நேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது நம்ம கையில இல்லீங்க. கம்பெனி மெஷினைச் சொருகினாத்தான் தெரியும். அங்கேயே போயிடுங்க" என்றார். தமக்கு வரவேண்டிய கூலியைத் தாமே விலக்கிய அச்சொல்லை யாம் மிகவும் மதிக்கிறோம். கடலூரில் அவ்விளக்கின் காரணத்தைக் கால்மணி நேரத்திற் கண்டறிந்து, மலிவான ஓர் உணர்கருவியை மாற்றிக்கொடுத்தனர். நியாயமான பில்லே போட்டனர்.

மேஸ்திரியின் கை அங்கே நின்றதற்குக் காரணம் அவரது அறிவுக் குறைவு என்று கொள்ளுதல் தகாது. அம்பாசிடர் வண்டி ஓடிய காலத்தில், ஸ்பானரும் சுத்தியலும் உள்ளவன் எவனும் அதனைப் பிரித்து மூட்டினான். உத்தர்பாராத் தொழிற்சாலையில் அவ்வண்டி செய்வது நின்றது 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில். இதற்குள் வண்டியின் நோய்கள் கணினிக் குறிகளாய் மாறிவிட்டன. அக்குறிகளைப் படிக்கும் கருவியையும், கம்பெனியின் உதிரிப்பாகங்களையும், பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளியார்க்குக் கொடாமல் பூட்டி வைத்திருந்தனர் உற்பத்தியாளர்.

இப்பூட்டைப்பற்றி 2011 இல் ஒரு குடிமகன் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டார். முறையீடு மூன்று கம்பெனிகளின்மேல் எழுந்தது. விசாரணையோ நாட்டின் கார் உற்பத்தியாளர் பலரையும் வளைத்தது. அம்பாசிடர் நின்ற அதே ஆண்டில், 25-8-2014 அன்று, ஆணையம் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் நோயறி கருவிகளையும் ஊர்ப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்றது. வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்தால் உத்தரவாதம் முழுவதும் ரத்து என்னும் நிபந்தனை கூடாது. வெளி வேலையின் தவற்றால் விளைந்த சேதத்தின் அளவிற்கே அதனை மறுக்கலாம் என்றும் கூறிற்று. திருப்பெரும்புதூரில் ஆலை வைத்துள்ள ஹூண்டாய் சென்னை உயர்நீதிமன்றம் சென்று வாதாடிப் பார்த்தது. 2015 ஜூலையில் அதற்கும் 420 கோடி அபராதம் வந்தது. கம்பெனிகள் மேன்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் குற்றத்தை நிலைநிறுத்தி, முறையிட்ட மூவர்க்கு அபராதக் கணக்கை மட்டும் மாற்றியமைத்தது. அதன் பின்னரும் வழக்கு நீண்டது. அரசாங்கம் 2022 இல், பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணைய வாயிலைத் திறந்தது. காகிதத்தில் இத்துணை இருந்தும், எம் மேஸ்திரியின் கொட்டகைக்கு அவற்றுள் எதுவும் நடந்து வந்து சேரவில்லை.

ஆதலின் புதுவண்டி வாங்கிய நண்பர்களுக்கு யாம் சொல்வது இதுவே: உத்தரவாத காலம் முடியும்வரை கம்பெனிப் பட்டறையை விடற்க. வழக்காடி வெல்லும் உரிமை இருப்பது வேறு, வழக்காடும் நேரமும் பணமும் இருப்பது வேறு. தொடக்கத்துச் சில சர்வீசுகளுக்குக் கூலி கிடையாது; எண்ணெய்க்கும் வடிகட்டிக்குமே பணம். கம்பெனி தன் தவற்றை உணர்ந்து வண்டிகளைத் திரும்ப அழைக்கும் காலத்திலும் அங்கேதான் செல்லவேண்டும். விபத்தில் விரியும் காற்றுப்பை போன்றவற்றைச் செலவின்றி மாற்றித் தருவது அவர்களே. எம் வண்டிபோல் உத்தரவாதம் கடந்தவற்றிற்கு, எண்ணெய், பிரேக்கு, கிளச்சு, தொங்கல் வேலைகள் எல்லாம் ஊரிலேயே நடக்கலாம். பாகத்தைப் பெட்டியோடு நம் கண்முன் பிரிக்கச் சொல்லவேண்டும். கம்பெனியின் பெயரைப் போலியாக அச்சிட்ட பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன. பழைய பாகம் வேண்டுமாயின் சென்னைப் புதுப்பேட்டையில் எதுவும் கிட்டும். ஆனால் பிரேக்குப் பாகத்தை அங்ஙனம் வாங்கத் துணிவாரை யாம் கண்டதில்லை.

ஊர்ப் பட்டறைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையை அகலமாக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது, வடலூர்ப் பக்கம் போய்வந்த வண்டிகளின் காற்று வடிகட்டியெல்லாம் செம்புழுதியால் அடைந்துகிடந்தன. கம்பெனிக் கணக்கின்படி அடுத்த கிலோமீட்டர் வரட்டும் என்பர். மேஸ்திரியோ அச்சாலையில் தாமும் போய்வருபவர். கேட்காமலே திறந்து பார்ப்பார். அறுவடைக் காலத்தில் எலிகள் வண்டிக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும் என்பதும் அவர்க்குப் பழகிய செய்தி.

வெள்ளத்தைப்பற்றியும் ஒரு சொல். 2015 நவம்பரில் பரவனாறு கரைகடந்து பெருகியபோது, இவ்வட்டாரத்திற் பல ஊர்கள் நீரில் நின்றன. எஞ்சினுள் நீர் புகுந்த வண்டியை அறியாது முடுக்கினால், நீர் காற்றைப்போல் அமுங்காதாகலின், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து எஞ்சின் உடையும். பின்விளைவுச் சேதம் என்று கூறி அதற்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் பணம் மறுப்பது வழக்கம். தனிக் கட்டணம் செலுத்தி எஞ்சினுக்குக் காப்பு எடுத்திருந்தாலன்றிப் பயனில்லை. அக்காலத்தில் வண்டியைக் கட்டி இழுத்துக் கம்பெனிப் பட்டறைக்கே கொண்டுசெல்லுதல் தக்கது. இன்ஷியூரன்ஸ் காரியங்களுக்கு வேண்டிய மதிப்பீடும் பில்லும் அங்கே ஒழுங்காகக் கிடைக்கும்.

சென்ற திங்கள் எம் மேஸ்திரி நோயறி கருவி ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறார். முதன்முதல் எம் வண்டியிலேயே அதனைச் சொருகிப் பார்த்தார். குறிகள் அனைத்தும் திரையில் வந்தன. அடுத்து, 2020 ஏப்ரலுக்குப் பின் புதிய புகைவிதியின்படி வெளிவந்த நண்பர் ஒருவரின் வண்டியிற் சொருகினார். பாதிக் குறிகளே வந்தன. மறுபாதிக்குக் கடவுச்சொல் கேட்டது. தவணை இன்னும் பதினொன்று இருக்கிறதாம்.