ஐயமும் ஊடலும்: குண்டலகேசியை முன்வைத்துச் சில எண்ணங்கள்

தன் கணவன் கொலைஞனோ என ஐயுறும் மனைவியின் மனவோட்டத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் மேலைநாட்டில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. ஆண்டனி பெர்க்லி காக்ஸ், பிரான்சிஸ் ஐல்ஸ் என்னும் புனைபெயரில் 1932இல் வெளியிட்ட 'பிஃபோர் தி ஃபேக்ட்' அவ்வகைக்குச் சிறந்த சான்று. அதன் தலைவி லீனா, கணவன் தருவது நஞ்சென்று உணர்ந்தே அதனை அருந்துகிறாள். 1941இல் ஹிட்ச்காக் அந்நாவலைச் 'சஸ்பிஷன்' என்னும் திரைப்படமாக்கியபோது கணவன் குற்றமற்றவனாகிவிட்டான். ஐயுற்றதே மனைவியின் பிழை என்றாயிற்று.

தில்லி ஆர்.கே.புரத்தில் குடியிருந்துகொண்டு இந்நாவலைப் படித்து முடித்த வாரத்தில், வகுப்பில் குண்டலகேசி பற்றி உரைக்க நேர்ந்தது. பாடம் முடிந்தபின் மாணவி ஒருத்தி, "அம்மா, மலையுச்சி வரை பத்திரைக்கு ஐயமே எழவில்லையா? எங்கள் வீடுகளில் பெண் ஐயப்பட்டால் அவளுக்குத்தான் மனநோய் என்பார்கள்" என்றாள். இவ்வினா ஆய்வுக்குரியது எனக் கருதுகிறேன்.

குண்டலகேசியில் இன்று நமக்குக் கிடைப்பவை 19 செய்யுள்களே. கதையை நீலகேசி உரைவழியும் பாலி மொழி உரைவழியும் அறிகிறோம். இரண்டிலும் கணவன் மனைவியைக் கொல்ல மலைக்கு அழைத்துச் செல்கிறான். அவள் அவனை வணங்குவதுபோல் நெருங்கிக் கீழே தள்ளிவிடுகிறாள். ஆயின் கொலைக்கான காரணம் வேறுபடுகிறது. பாலி மரபில் அவன் நாடுவது அவளுடைய அணிகலன்களை. தமிழ் மரபிலோ, ஊடற்பொழுதில் 'நீ கள்வன் அல்லையோ' என அவள் கூறிய ஒரு சொல்லே அவன் சினத்திற்கு வித்தாகிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. மனைவியின் ஐயத்திற்குத் தமிழ் அகமரபு வகுத்தளித்த இடம் ஊடல். திருக்குறளின் 132ஆம் அதிகாரமாகிய புலவி நுணுக்கத்தில் கணவன் தும்மினாலும் ஐயம், தும்மலை அடக்கினாலும் ஐயம். அவ்வையம் இன்பத்திற்கு உரமாகிறது; அடுத்த அதிகாரம் ஊடலுவகையே. ஐந்தாம் செக்டாரில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்திற்குச் செல்லும்போதெல்லாம் வாயிலில் நிற்கும் வள்ளுவர் சிலையைக் காண்கிறேன். கேட்பவன் அன்புடையவனாயின் மட்டுமே ஊடல் விளையாட்டாகும் என்னும் எண்ணம் இப்போது உடன் எழுகிறது. காளன் அத்தகையவன் அல்லன். பத்திரை விளையாட்டாகச் சொன்னது உண்மையாக இருந்தது. உண்மையாக இருந்தமையாலேயே அது அவளுக்குக் கொலைக்குரிய குற்றமாயிற்று.

1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய பாடல்களற்ற படமான 'அந்த நாள்' இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதில் கணவன் நாட்டுத் துரோகி என்பதை அறியும் மனைவியின் கைத்துப்பாக்கியாலேயே அவன் இறக்கிறான். லீனாவின் வழியன்று அது, பத்திரையின் வழி. எனினும் நாட்டுப்பற்று என்னும் பெருங்காரணம் அங்குத் தேவைப்பட்டது. தன் உயிரைக் காத்துக்கொள்வது ஒன்றே போதிய காரணம் எனக் கொண்டவள் பத்திரை.

மேலும் ஒன்று. தேரிகாதையில் பத்திரையின் பெயரால் 5 பாடல்கள் உள்ளன. தலைமுடி களைந்து திரிந்தமை, புத்தரைக் கண்டமை, 50 ஆண்டுகள் ஊர்தோறும் இரந்துண்டமை ஆகியவற்றை அவை கூறுகின்றன. மலையுச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்நிகழ்ச்சியைச் சொன்னவர்கள் உரையாசிரியர்கள். கொலையால் நாம் நினைவுகூரும் பெண், தன்னைத் துறவால் மட்டுமே நினைவுகூர்ந்திருக்கிறாள்.

எனவே மாணவியின் வினாவிற்குக் கிடைக்கும் நூற்பகுதிகளில் நேர்விடை இல்லை. ஐயம் எழுந்ததா என்பதைவிட, எழுந்த ஐயத்தைச் சொல்ல அவளுக்கு ஊடலன்றி வேறு மொழி இருந்ததா என்பதே கேட்கத்தக்கது. அம்மொழியைத் தமிழ் நாவல்கள் எந்த அளவிற்குப் பெண்ணுக்கு வழங்கியுள்ளன என்பதைத் துப்பறியும் புனைகதைகளையும் உள்ளடக்கி ஆராய்தல் வேண்டும். அவற்றை வணிக எழுத்தென ஒதுக்கிவிடின், அம்மாணவி போன்றோரின் அச்சம் பதிவாகியுள்ள பக்கங்களையும் சேர்த்தே ஒதுக்கியவர்களாவோம்.