மூன்று படி போதும்!

நங்கநல்லூரில் அந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் பரணில் நான்கு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய 140 கொலு பொம்மைகள்.

ஒரு காலத்தில் கும்பகோணத்து வீட்டின் கூடத்தில் ஒன்பது படிகளில் உட்கார்ந்திருந்த பொம்மைகள் அவை. மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, பெரியவர்கள் இருவரும் ஊரைக் காலி செய்துகொண்டு வந்தபோது பீரோவைக்கூட விற்றுவிட்டார்கள். பொம்மைப் பெட்டிகளை விற்க மனசு வரவில்லை.

ஆனால், ஃபிளாட்டில் இடம் ஏது? நவராத்திரி வந்தால் சோபா பால்கனிக்குப் போகும், டி.வி. படுக்கையறைக்குப் போகும். மாமனார் ஸ்டூல் மேல் ஏறிப் பெட்டிகளை இறக்குவார். மாமியார் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார். மருமகள் ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு போடுவாள். சீரியல் பல்புச் சரத்தின் சிக்கலை எடுப்பதற்குள் ராத்திரி பதினோரு மணி ஆகிவிடும். எப்படியோ ஏழு படி எழும்பிவிடும். அதன் பிறகு ஹாலில் நடக்க வழி இருக்காது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் ‘வாங்க’ என்பதற்கு முன்னால் ‘பார்த்து, பார்த்து’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு நவராத்திரியில் பேரன் உருட்டிய பந்து பட்டு, செட்டியார் பொம்மையின் கை உடைந்தது. பையனுக்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. அடித்தது மருமகள்தான். பொம்மையின் கையை அன்றே ஒட்டியாகிவிட்டது. அந்த அடியை நினைத்தால் அவளுக்கு இன்றும் மனசு வலிக்கும்.

போன வருஷம் மாமனார் காலமானதால் கொலு வைக்கவில்லை. இந்த வருஷமும் யாரும் பேச்சை எடுக்கவில்லை. மகாளய அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமியாரே சொன்னார்.

“இனிமே கொலு வேண்டாம்மா. பெட்டியை எல்லாம் யாருக்காவது குடுத்துடலாம்.”

மருமகளுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. லீவு மிச்சம், முதுகுவலி மிச்சம். “சரிங்க அத்தை” என்றாள். அவ்வளவு சீக்கிரம் ‘சரி’ சொல்லியிருக்க வேண்டாமோ என்று ராத்திரி படுத்த பிறகு தோன்றியது.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது கேட்டாள். “இடம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்றீங்க? இல்ல, வேற ஏதாவதா அத்தை?”

மாமியார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கலசம் வைக்கணும். வர்றவங்களுக்குக் குங்குமம், வெத்தலை பாக்கு குடுக்கணும். நான் குடுத்தா யாரும்மா வாங்குவாங்க?”

அடைசல் பரணில் மட்டும் இல்லை என்பது மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“கொலு வைக்கிறோம் அத்தை. ஆனா, மூணே படி. யாரும் லீவு போட வேண்டாம். சோபா இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.”

“மூணா?”

“மூணும் ஒற்றைப்படைதானே அத்தை!”

ரொம்ப நாளைக்குப் பிறகு மாமியார் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தான். ஹாலில் பெட்ஷீட் விரித்து எல்லாவற்றையும் பரப்பினார்கள். அந்துருண்டை வாசனை வீடு முழுக்க நிறைந்தது. ‘எது வேண்டும், எது வேண்டாம்’ என்று கேட்டிருந்தால் ஒரு பொம்மையைக்கூடப் பிரித்திருக்க முடியாது. மருமகள் வேறு மாதிரி கேட்டாள்: “இது எங்கிருந்து வந்தது அத்தை?”

மரப்பாச்சி ஜோடி, கல்யாணத்தின்போது மாமியாரின் அம்மா கொடுத்தது. தசாவதார செட், மாமனார் காஞ்சிபுரத்தில் பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. காய்கறிக்காரப் பாட்டி, மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பேரன் அழுது அடம்பிடித்து வாங்கியது. இப்படிக் கதை இருந்தவை ஒரு பக்கம் சேர்ந்தன. “தெரியலையே...” என்று மாமியார் யோசித்தவை இன்னொரு பக்கம். மாலையில் எண்ணிப் பார்த்தால், கதை உள்ளவை 52தான்!

மீதி 88 பொம்மைகளைத் தூக்கிப் போடவில்லை. மூன்றாவது மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண், முதல் கொலுவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். 20 பொம்மைகளை அவளே ஆசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனாள். மற்றவை கோயில் கொலுவுக்குப் போயின. அங்கே தினமும் நூறு பேராவது பார்ப்பார்கள்.

படிக்கு ஸ்டாண்டும் வாங்கவில்லை. முன்னால் ஒரு மணை; அதன் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி; அதற்கும் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள். மூன்று படி தயார். மேலே, கொலுவுக்கென்றே மாமனார் தனியாக மடித்து வைத்திருந்த எட்டு முழ வேட்டி.

அமாவாசை சாயங்காலம் மரப்பாச்சியை மட்டும் வைத்தார்கள். மாமியார்தான் வைக்க வேண்டும் என்று மருமகள் பிடிவாதமாக நின்றாள். மறுநாள் அவள் ஆபீஸிலிருந்து வந்த பிறகு கலசம் வைத்து, மற்ற பொம்மைகளையும் அடுக்கி முடித்தார்கள். இந்த வருஷம் 25 பொம்மைகள். மீதி 27, அடுத்த வருஷத்தின் முறை. சீரியல் பல்பு இல்லை. இரண்டு குத்துவிளக்கு, கீழே ஒரு மாக்கோலம், அவ்வளவுதான். மணையில் உடைகிற பொம்மை எதுவும் கிடையாது. அது பேரனின் ராஜ்ஜியம். பக்கத்தில் ஒரு தட்டில் மண் கொட்டி, கடுகு தூவி, முளைத்த செடிகளுக்கு நடுவே கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்பது நாளும் எல்லோரையும் அழைக்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். தாம்பூலத்தில் பிளாஸ்டிக் டப்பா வைக்கவில்லை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், ஒரு பொட்டலம் சுண்டல். அடுத்த வீட்டுப் பரணில் ஏறாத பொருள்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாமியார் சமையலறை வாசலிலேயே நின்றார். மூன்றாவது மாடிப் பெண் உள்ளே வந்ததும் நேராக அவரிடம் போனாள். “பாட்டி, நீங்க குடுத்த பொம்மையில ஒண்ணு கையில கிளி வெச்சிருக்கு. அது யாருன்னு சொல்லுங்களேன்.”

மாமியார் சோபாவில் உட்கார்ந்து மதுரை மீனாட்சி கதையைச் சொன்னார். சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து கேட்டார்கள். சோபா இருந்ததால்தான் உட்கார முடிந்தது! கிளம்பும்போது மருமகள் தாம்பூலத் தட்டை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். ஒரு நொடி அவர் கை தயங்கியது. அந்தப் பெண் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டு, குனிந்து காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனாள். அடுத்து நின்றவரும் கையை நீட்டினார்.

விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைத்தார்கள். மறுநாள் அடுக்குவதற்கு முன்னால் மருமகள் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இந்த முறை இரண்டு பெட்டிகளே போதுமானதாக இருந்தன. பரணில் ஏற்றவில்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

பெட்டியின் மேல் ஒட்டக் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தாள் மருமகள்.

“என்ன எழுதட்டும் அத்தை?”

மாமியார் கொஞ்சம் யோசித்தார். “கல்யாண செட் இதுலதான் இருக்குன்னு எழுதும்மா. அடுத்த வருஷம் அதை வைக்கலாம்.”