ஓட்டை விழுந்த பிஸ்டன்

என் பட்டறை மேசைமேல் ஒரு பழைய பிஸ்டன் இருக்கிறது. அதன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. "இந்த இரும்பைத் தூக்கிப் போட்டால் என்ன?" என்று என் மனைவி கேட்காத மாதம் இல்லை. (அது இரும்பு இல்லை, அலுமினியம். அதைச் சொன்னால் கோபம் வரும்.) அதன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1979. எனக்குப் பதினெட்டு வயது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு மோட்டார் பட்டறையில் கையாள். தவுக்கே சீனர், வேலை சொல்லித் தந்தவர் நம்மவர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'தான்.

ஒரு நாள் சிவப்பு நிறத்தில் எம்.ஜி.பி. காடி ஒன்று வந்து நின்றது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்த காடி அது. 1798 சிசி எஞ்சின், 95 குதிரைச் சக்தி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அதை வாங்கிய இளைஞர், ஷா ஆலாம் பத்து தீகா பந்தயத் திடலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "இன்னும் சக்தி வேண்டும்" என்றார்.

அண்ணன் அவசரப்படவில்லை. முதலில் பிரேக்கைப் பார்த்தார். பிறகு வால்வு இடைவெளியும் பாயிண்ட் இடைவெளியும் ஆயிரத்தில் 15 அங்குலம், பிளக் இடைவெளி ஆயிரத்தில் 25 அங்குலம் என்று அளந்து வைத்தார். "புதுசா ஒண்ணு சேர்க்கிறதுக்கு முன்னே இருக்கிறதைச் சரி பண்ணணும் தம்பி. பாதி சக்தி அங்கேதான் தூங்குது" என்பார்.

அதன்பின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்தோம். காற்று நுழையும் துவாரங்களில் இருந்த மேடு பள்ளங்களை அரவி வழவழப்பாக்கினார். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று தாராளமாகப் போகிறதோ, அவ்வளவு பெட்ரோலை எரித்துச் சக்தியாக்கும். மூக்கடைத்தவன் மூட்டை தூக்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்தது கார்புரேட்டர் வேலை. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டு ரப்பர் குழாயை ஒரு கார்புரேட்டரின் வாயருகே வைத்து, மறுமுனையைக் காதில் வைப்பார். 'உஸ்' என்று சீறும். அடுத்ததையும் கேட்பார். இரண்டும் ஒரே சுருதியில் சீறும்வரை திருகுகளைத் திருப்புவார். கருவி என்று வேறெதுவும் கிடையாது.

சனிக்கிழமை காடி தயார். அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து உரிமையாளர் வந்தார். "இன்னும் கொஞ்சம் இழுவை வராதா தம்பி?" என்றார். என் கை சும்மா இருக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, தீப்பொறி இன்னும் முந்தி விழும்படி சற்றே திருப்பிவிட்டேன். எஞ்சின் துள்ளியது. அவர் மகிழ்ந்து ஐந்து வெள்ளி கொடுத்தார்!

பிஸ்டன் உச்சிக்கு வரச் சற்று முன்னே தீப்பொறி விழவேண்டும். மிகவும் முந்திவிட்டால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே அடி இறங்கும். மிச்சக் காற்றும் பெட்ரோலும் தாமாக வெடித்துச் சூடு எல்லை மீறும். அப்போது வாணலியில் பட்டாணி வறுபடுவதுபோல் ஒரு சத்தம் வரும். (ஊர்ப் பெயருக்காகச் சொல்லவில்லை!) குரூண் பக்கத்து மேட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, சக்தி கூடிவிட்டது என்று அவர் இன்னும் அழுத்தி மிதித்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காடியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ தொட்டியா?"

"ஆமாண்ணே."

தவுக்கே என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அண்ணன்தான் கெஞ்சி, சாமான் செலவைக் கட்டினால் இருக்கலாம் என்று பேசி முடித்தார். மறுநாள் மாலை அப்பா சைக்கிளில் வந்தார். சட்டைப் பையில் கூட்டுப் பணம். அக்காவின் கல்யாணத் தோட்டுக்காக எடுத்தது அது. எண்ணிக் கொடுத்துவிட்டு, பிஸ்டனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆழமா வெட்டினா அன்னைக்குப் பால் கூட வரும். மரத்துல காயம் விழுந்துடும். உனக்கு நான் சொல்லித் தந்ததுதானே?" என்றார்.

வேறெதுவும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணன் அந்த எஞ்சினை என்னைக்கொண்டே மீண்டும் பூட்டவைத்தார். டைமிங்கைச் சோதனை விளக்கு வைத்து மூன்று தடவை பார்த்தேன். ஓடவிட்டதும் ரப்பர் குழாயை என் காதில் வைத்தார். முதல் தடவையாக இரண்டு கார்புரேட்டர்களின் சுருதியும் எனக்குப் பிரிந்து கேட்டது.

அக்காவின் கல்யாணத்தில் அவள் போட்டிருந்தது அம்மாவின் பழைய தோடு. நான்கு வருடம் கழித்து, என் சம்பளத்தில் புதிது வாங்கிக்கொண்டு போனேன். "இதுக்கா இவ்வளவு நாள் என் முகத்தைப் பார்க்காம திரிஞ்சே?" என்று சிரித்தாள்.

இப்போது அந்தத் தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. பிள்ளைகள் கப்சாய் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்து, "இன்னும் வேகம் வேணும் அங்கிள்" என்கிறார்கள். நான் பிஸ்டனை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பேன். எல்லாப் பிள்ளைகளும் முதலில் அந்த ஓட்டைக்குள் விரலைத்தான் விட்டுப் பார்ப்பார்கள்.